குவான்டம் கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி உங்க கிரிப்டோ சாவிய பத்திரம் பண்றது எப்படி: புதுசா வந்தவங்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு நம்ம பக்கம் கிரிப்டோ வச்சிருக்கிறவங்க இப்ப எக்கச்சக்கம். மகன் சிங்கப்பூர்ல இருந்து வாங்கிப் போட்டது, மருமகன் பெங்களூர்ல இருந்து சொல்லிக்கொடுத்து வாங்குனது, காலேஜ் பசங்க மாசம் ஐநூறு ஆயிரம்னு சேர்த்தது, இப்படி. யார்ட்ட பேசுனாலும் கடைசில வந்து நிக்கிற கேள்வி ஒண்ணுதான்: "குவான்டம் கம்ப்யூட்டர் வந்துட்டா இதெல்லாம் போயிருமாமே, நெசமா?"

இன்னிக்குப் போகாது. இன்னிக்கு இருக்கிற எந்த மெஷினாலயும் ஒழுங்கா உருவாக்குன ஒரு ப்ரைவேட் கீய, அதாவது காச எடுக்கிற ரகசிய சாவிய, கண்டுபிடிக்க முடியாது. ஆனா பின்னாடி ஒருநாள் முடியலாம், அதுக்கு வேண்டிய கணக்கு வழி 1994லயே தெரிஞ்சு போச்சு. அந்த நாள் வந்தா யார் தப்பிப்பாங்கன்னா, தன்னோட பப்ளிக் கீய (அந்த ரகசிய சாவியோட ஜோடி எண்) வெளிய தெரியாம வச்சிருக்கிறவங்களும், "காச புது அட்ரஸுக்கு மாத்துங்க"னு நெட்வொர்க் சொன்ன உடனே மாத்த முடியிறவங்களும்தான். கீழ சொல்ற எல்லா வேலையும் இந்த ரெண்டுக்காகத்தான், அதனால எந்த ஸ்டெப்பயாவது எதுக்குனு புரியலைன்னா இந்த ரெண்ட நெனச்சுக்கங்க.

மொதல்ல எதுக்கு பயப்படணும்னு புரிஞ்சுக்கங்க

ப்ரைவேட் கீங்கிறது 256 பிட் நீளமுள்ள ஒரு பெரிய எண், அம்புட்டுதான். அதுல இருந்து கணக்குப் போட்டு பப்ளிக் கீ வருது, பப்ளிக் கீய ஹாஷ் பண்ணி, அதாவது திருப்ப முடியாத மாதிரி ஒரு சின்ன எண்ணா மாத்தி, அட்ரஸ் வருது. இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போறது ஒரு நொடி வேலை, திரும்பி வர்றது சாதாரண கம்ப்யூட்டரால ஆகவே ஆகாது. அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல இருந்த பீட்டர் ஷோர் 1994ல என்ன காட்டுனார்னா, போதுமான அளவு பெரிய குவான்டம் கம்ப்யூட்டர் இருந்தா பப்ளிக் கீல இருந்து ப்ரைவேட் கீக்கு திரும்பி வந்துரலாம். பிட்காயினும் சரி எத்தீரியமும் சரி காசு அனுப்புறப்ப சாவிய வச்சுப் போடுற கையெழுத்துக்கு ஒரே வளைவத்தான் (அதுக்கான கணக்கு முறை) பயன்படுத்துது, ரெண்டுக்குமே இது பொருந்தும்.

ஆனா கவனிங்க, ஷோர் கணக்குக்கு பப்ளிக் கீ கையில இருக்கணும். வெறும் அட்ரஸ், அதாவது ஹாஷ் மட்டும் இருந்தா அது வேலைக்கு ஆகாது. ஹாஷுக்கு எதிரா இருக்கிறது 1996ல லவ் க்ரோவர் கண்டுபிடிச்ச வழி (இவர் மீரட்ல பொறந்து ஐஐடி டெல்லில படிச்சவர்), அது தேடுற வேலைய கொறைக்கும், ஆனா கொஞ்சம்தான்: அட்ரஸ்ல இருக்கிற 160 பிட் ஹாஷோட பலம் 80 பிட் அளவுக்கு இறங்கும், அதுவும் நடைமுறைல எட்ட முடியாத உயரம். அதனால பிரச்சனை முழுக்க முழுக்க பப்ளிக் கீ வெளிய தெரிஞ்சிருச்சா இல்லையாங்கிறதுலதான் இருக்கு.

எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கேட்டா, 2024 டிசம்பர்ல கூகுள் காட்டுன வில்லோ குவான்டம் சிப்புல 105 க்யூபிட் (குவான்டம் கம்ப்யூட்டரோட அடிப்படை அலகு). மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2017ல போட்ட கணக்குப்படி 256 பிட் வளைவ உடைக்க பிழையே இல்லாத 2,330 க்யூபிட் வேணும், அப்படி பிழையில்லாத ஒரு க்யூபிட் செய்யவே நூத்துக்கணக்குல, சிலநேரம் ஆயிரக்கணக்குல சாதா க்யூபிட் தேவைப்படும். அப்ப ரொம்ப தூரம்தானேன்னு தோணும், சரிதான். ஆனா தேவைங்கிற பக்கமும் கீழ இறங்கிட்டே வருது: ஆர்எஸ்ஏ 2048ங்கிற வேற ஒரு பூட்டு முறைய உடைக்க 2 கோடி க்யூபிட் வேணும்னு 2019ல சொன்ன அதே கூகுள் ஆராய்ச்சியாளர் க்ரெய்க் கிட்னி, 2025 மே மாசம் 10 லட்சத்துக்கும் கம்மியா இருந்தாலே ஒரு வாரத்துக்குள்ள முடிச்சிரலாம்னு எழுதிட்டார். புது சிப் வந்துச்சுன்னு வர்ற நியூஸ விட இந்த மாதிரி கணக்கு இறங்குறதத்தான் நான் கவனமா பாக்குறேன்.

அரசாங்கங்களும் சும்மா இல்ல. அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்ட்ல குவான்டம் தாங்குற 3 தரமுறைகள வெளியிட்டுச்சு, பழைய முறைகள 2035க்குள்ள முழுசா விட்டுரணும்னு ஒரு வரைவுத் திட்டமும் போட்டிருக்கு. நம்ம ஊர்லயும் 2023 ஏப்ரல்ல தேசிய குவான்டம் மிஷனுக்கு 6,003 கோடி ரூபா ஒதுக்கிட்டாங்க. அதனால பதற வேண்டாம், ஆனா தள்ளியும் போடாதீங்க.

ஸ்டெப் 1: சாவி உங்க கையில இருக்கா?

போன்ல ஆப் தொறந்தா பேலன்ஸ் தெரியுதுங்கிறதுக்காக சாவி உங்களுதுன்னு அர்த்தம் இல்ல. எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விக்கிற கம்பெனி) ஆப்பா இருந்தா ப்ரைவேட் கீ அவங்கட்ட இருக்கு, உங்களுக்கு இருக்கிறது ஒரு லாகின். குவான்டம் மாற்றம் வந்தா மாத்த வேண்டிய பொறுப்பும் அவங்களோடது, அது வரைக்கும் சௌகரியம்தான், ஆனா அவங்க சாவி திருடு போனா உங்க காசும் சேந்து போகும். 2024 ஜூலையில வசிர்எக்ஸ்ங்கிற இந்திய எக்ஸ்சேஞ்ச்ல சுமார் 23 கோடி டாலர் போனப்ப கஸ்டமர்க என்ன பாடு பட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். வருஷக்கணக்கா வச்சிருக்கப் போற தொகைன்னா சொந்த வாலட்டுக்கு (சாவி உங்க கையிலயே இருக்கிற ஆப் இல்லைன்னா டிவைஸ்) எடுத்துருங்க. எடுக்கிறப்ப தேதி, அளவு, ட்ரான்சாக்‌ஷன் ஐடி மூணையும் ஒரு நோட்டுல எழுதிக்கங்க, 2022ல இருந்து லாபத்துக்கு 30 சதவீதம் வரியும் விக்கிறப்ப 1 சதவீதம் டிடிஎஸ்ஸும் இருக்கு, என்னைக்காவது ஆடிட்டர் கேப்பார்.

ஸ்டெப் 2: வாலட்ட புதுசா, 24 வார்த்தைல ஆரம்பிங்க

ஹார்டுவேர் வாலட் (சாவிய உள்ள வச்சிருக்கிற சின்ன டிவைஸ்) வாங்குனா தயாரிக்கிற கம்பெனிட்ட நேரா வாங்குங்க, செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். சாவிய திரும்ப உருவாக்குற 'சீட்' வார்த்தைகள டப்பாவுக்குள்ளயே அச்சடிச்ச அட்டை இருந்தா அது மோசடி, அந்த வார்த்தைகள அச்சடிச்சவன்ட்டயும் ஒரு காப்பி இருக்கும். டிவைஸ் உங்க கண்ணு முன்னாடி அதுவா உருவாக்கணும்.

இதுல 12 வார்த்தை, 24 வார்த்தைன்னு ரெண்டு இருக்கும். 2,048 வார்த்தை உள்ள ஒரு லிஸ்ட்ல இருந்து எடுக்கிறது, 12ன்னா 128 பிட், 24ன்னா 256 பிட். இன்னிக்கு நெலமைக்கு 12 தாராளமா போதும். ஆனா பல வருஷம் கழிச்சு பேரன் கையில சேரணும்னு நெனச்சு வைக்கிறீங்கன்னா 24 எடுங்க, க்ரோவர் வழி பாதியா கொறைச்சாலும் 128 பிட் மிச்சம் இருக்கும், கூட 12 வார்த்தை எழுதுறதுல உங்களுக்கு என்ன கொறைஞ்சிரப் போகுது.

வார்த்தைகள நீங்களா யோசிச்சு எடுக்காதீங்க. குலசாமி பேரு, கல்யாண தேதி, பாட்டு வரி இதெல்லாம் வச்சு உருவாக்குன சாவி எதுவும் நிக்காது, அதுக்கு குவான்டமே தேவையில்ல. 2023ல மில்க் சேட்னு பேர் வச்ச ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, ஒரு சாஃப்ட்வேர் 256 பிட் சாவின்னு சொல்லிட்டு உள்ள வெறும் 32 பிட் அளவு ராண்டம்தான் வச்சிருந்துச்சு, அதாவது மொத்தமே சுமார் 430 கோடி சாத்தியம், அத சாதா கம்ப்யூட்டரே தேடி முடிச்சிரும், முடிச்சு காசையும் எடுத்துட்டாங்க. ஊர் பேர் தெரியாத ஆப்ல சாவி உருவாக்காதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

ஸ்டெப் 3: எழுதி வைக்கிறது

இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க. பேப்பர்ல எழுதி பெட்டகத்துல வச்சா கரையான் பாத்துக்கும், நம்ம பக்கத்துப் பழைய வீடுகள்ல மரத்துக்குப் பக்கத்துல வச்ச பத்திரம், ஜாதகம் எல்லாம் என்ன கதியாச்சுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும். மழை நேரத்துல ஓடு ஒழுகுனா இன்னும் மோசம்.

எவர்சில்வர் தகடுதான் சரி. உடனே பாத்திரக்கடை ஞாபகம் வரும், சீர் சாமானுக்கு விலாசம் வெட்டுறவர்ட்ட கொடுத்தா அழகா வெட்டித் தருவார்னு. அத மட்டும் செய்யாதீங்க, 24 வார்த்தையும் அவர் கண்ணுல பட்டுரும், கடையில நிக்கிற நாலு பேர் கண்ணுலயும் பட்டுரும். செக்காலை ரோடு பக்கம் ஹார்டுவேர் கடையில எழுத்து பஞ்ச் செட் கேளுங்க, ஆங்கில எழுத்து 26ம் ஒரு டப்பாவுல வரும், சின்ன சைஸ் வாங்குங்க, ஒரு சுத்தியல், ரெண்டு தகடு. வீட்டுல ஹால் தரையில வச்சு அடிக்காதீங்க, ஆத்தங்குடி கல்லு பொளந்துரும், ஒரு இரும்புத் துண்டோ தடிச்ச மரக்கட்டையோ அடியில போடுங்க. ஒவ்வொரு வார்த்தைலயும் முதல் 4 எழுத்து மட்டும் அடிச்சா போதும், அந்த லிஸ்ட்ல முதல் 4 எழுத்து ஒண்ணா இருக்கிற ரெண்டு வார்த்தை கிடையாது. ஆனா வரிசை நம்பர் கட்டாயம் போடணும், 7வதும் 8வதும் இடம் மாறுனா வாலட் தொறக்காது. அடிச்சு முடிச்சு ஒரு பேப்பர வச்சு பென்சிலால தேய்ச்சுப் பாருங்க, எழுத்து தெளிவா வருதான்னு தெரியும், பாத்துட்டு அந்தப் பேப்பர எரிச்சிருங்க.

போட்டோ எடுக்காதீங்க, ஜிமெயில்ல ட்ராஃப்ட்டா வைக்காதீங்க, வாட்ஸ்ஆப்ல மகளுக்கு அனுப்பாதீங்க. நெட் வழியா போற டேட்டாவ இன்னிக்கே சேத்து வச்சு, குவான்டம் மெஷின் வந்ததும் தொறந்து பாக்கலாம்னு காத்திருக்கிறவங்க இருக்கலாம், இது பாதுகாப்புத் துறைல எல்லாரும் வெளிப்படையா பேசுற கவலை. தகட்டுல இருக்கிறத யாரும் அப்படி சேத்து வைக்க முடியாது.

ஒரு முக்கியமான வேலை: வாலட்டுக்குள்ள சின்னத் தொகை ஒண்ணு போட்டுட்டு, டிவைஸ மொத்தமா ரீசெட் பண்ணி, தகட்டப் பாத்தே திரும்ப உயிர் கொடுங்க. பேலன்ஸ் வந்தாத்தான் பெரிய தொகைய அனுப்பணும்.

ஸ்டெப் 4: உங்க அட்ரஸ் வெளிய தெரிஞ்சிருச்சான்னு பாருங்க

பிட்காயின் அட்ரஸோட முதல் எழுத்தப் பாருங்க. 1ல ஆரம்பிச்சா, 3ல ஆரம்பிச்சா, பிசி1க்யூன்னு (bc1q) ஆரம்பிச்சா, அதுல இருக்கிறது ஹாஷ், நீங்க அதுல இருந்து காசு அனுப்புற வரைக்கும் பப்ளிக் கீ மறைவாத்தான் இருக்கும். பிசி1பின்னு (bc1p) ஆரம்பிச்சா அது டேப்ரூட்ங்கிற புது வகை, 2021 நவம்பர்ல வந்தது, அதுல பப்ளிக் கீயே அட்ரஸுக்குள்ள இருக்கு, ஹாஷ் மறைப்பு கிடையாது. டேப்ரூட்ல வேற நல்லது நெறைய இருக்கு, ஆனா வருஷக்கணக்கா தொடாம வைக்கப் போற காசுக்கு நான் பிசி1க்யூதான் சொல்லுவேன்.

இப்ப ஒரு உதாரணம். காரைக்குடியில கண்டாங்கி சேலை ஆன்லைன்ல விக்கிற ஒருத்தர் வெளிநாட்டு கஸ்டமர்க அனுப்புற பிட்காயின வாங்க ஒரே ஒரு க்யூஆர் கோட் அச்சடிச்சு வச்சிருக்கார்னு வைங்க. 30 பேர் அதுக்கு அனுப்பியிருக்காங்க. ஒருநாள் அதுல இருந்து கொஞ்சம் எடுத்து நூல்காரருக்கு அனுப்புறார். அந்த நிமிஷமே அந்த அட்ரஸோட பப்ளிக் கீ பிளாக்செயின்ல (எல்லாரும் பாக்கக்கூடிய பொதுப் பதிவேடு) பதிஞ்சு போச்சு, மிச்சம் அங்க கிடக்கிற காசு எல்லாத்துக்கும் ஹாஷ் கொடுத்த மறைவு போச்சு, இனிமே அத அழிக்கவும் முடியாது.

நீங்களே பாக்கலாம். மெம்பூல் ஸ்பேஸ் மாதிரி ஒரு எக்ஸ்ப்ளோரர்ல (பிளாக்செயின்ல தேடிப் பாக்கிற வெப்சைட்) அட்ரஸ போடுங்க, காசு வெளிய போன ஒரு ட்ரான்சாக்‌ஷன தொறந்து டீடெயில்ஸ் அமுக்குங்க. பிசி1க்யூ அட்ரஸா இருந்தா விட்னஸ்னு ஒரு இடத்துல ரெண்டு வரி இருக்கும்: நீளமா இருக்கிற மொத வரி கையெழுத்து, 02ன்னோ 03ன்னோ ஆரம்பிச்சு 66 எழுத்து இருக்கிற ரெண்டாவது வரி உங்க பப்ளிக் கீ. அத அங்க பாத்துட்டீங்கன்னா உலகமும் பாத்துருச்சு. இப்படி ஏற்கெனவே வெளிய தெரிஞ்ச பிட்காயின் மட்டும் சுமார் 40 லட்சம், கிட்டத்தட்ட கால் பங்கு இருக்கும்னு டெலாய்ட்ங்கிற ஆலோசனை கம்பெனி ஒரு கணக்கு போட்டிருந்தாங்க, அதுல பிட்காயின உருவாக்குன சதோஷியோடதா நம்பப்படுற ஆரம்பகால காசும் சேர்த்தி, அந்தக் காலத்துல பப்ளிக் கீய நேரடியாவே எழுதி வைப்பாங்க.

ஸ்டெப் 5: மாத்துங்க, அப்புறம் ஒரே அட்ரஸ திரும்பப் பயன்படுத்தாதீங்க

தெரிஞ்சு போன அட்ரஸ்ல காசு இருந்தா கவலைப்படாதீங்க, இதுக்கு மருந்து இருக்கு. பழைய மெசேஜ ஒருத்தன் சேத்து வச்சிருந்தா நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா காசு அப்படி இல்ல, புது அட்ரஸுக்கு நகத்திட்டீங்கன்னா பழைய பப்ளிக் கீ வச்சு எடுக்க அங்க ஒண்ணும் இருக்காது. அதே வாலட்ல ரிசீவ் அமுக்குனா புதுசா ஒரு அட்ரஸ் வரும், அதுக்கு மொத்தத்தையும் அனுப்புங்க, ஃபீஸ் கம்மியா இருக்கிற நேரம் பாத்து. இனிமே ஒவ்வொருத்தர்ட்ட வாங்குறப்பவும் புது அட்ரஸ் கொடுங்க, எல்லாம் அதே 24 வார்த்தைக்குள்ளதான் அடங்கும், பாக்கி சில்லறையையும் நல்ல வாலட்டுங்க அதுவாவே புது அட்ரஸுக்கு போட்டுரும்.

இன்னொரு ஓட்டை பல பேருக்குத் தெரியறதில்ல: எக்ஸ்பப் (xpub)ங்கிற ஒரு நீளமான எழுத்துக் கோவை. மொத்த பேலன்ஸையும் ஒரே இடத்துல காட்டுறோம்னு சொல்ற போர்ட்ஃபோலியோ ஆப்ல இத ஒட்டச் சொல்லுவாங்க. அதுல இருந்து உங்க அந்தக் கணக்கோட எல்லா பப்ளிக் கீயும் வந்துரும், இதுவரைக்கும் பயன்படுத்தாத அட்ரஸோடதும் சேர்த்து. கொடுக்காதீங்க.

ஸ்டெப் 6: எத்தீரியம் வச்சிருக்கிறவங்க

இங்க கொஞ்சம் கஷ்டம். அட்ரஸ் பப்ளிக் கீயோட ஹாஷ்தான், 0எக்ஸ்னு (0x) ஆரம்பிக்கும், ஆனா எல்லாரும் ஒரே அட்ரஸத்தான் வருஷக்கணக்கா வச்சிருப்பாங்க. ஒரு தடவ எதையாவது அனுப்பிட்டா, ஒரு டோக்கனுக்கு அப்ரூவல் கொடுத்தாகூட, கையெழுத்துல இருந்து பப்ளிக் கீய எடுத்துரலாம். அதனால தினசரி புழங்க ஒரு அட்ரஸ், சேமிப்புக்கு வேற ஒரு அட்ரஸ்னு பிரிங்க, சேமிப்பு அட்ரஸ் வாங்க மட்டும், அதுல இருந்து எந்த வெப்சைட்லயும் லாகின் கையெழுத்துகூட போடக்கூடாது. எத்தீரியத்துல திடீர்னு குவான்டம் ஆபத்து வந்தா ஹார்டு ஃபோர்க் போட்டு (நெட்வொர்க்கோட விதியவே மாத்தி) பெரும்பாலான கணக்குகள காப்பாத்த முடியும்னு எத்தீரியத்த உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான விட்டாலிக் புட்டரின் 2024 மார்ச்ல ஒரு வழி எழுதியிருந்தார், அந்த வழிக்கும் உங்க சீட் வார்த்தைக உங்கட்ட இருக்கணும்.

சோலானாங்கிற இன்னொரு நெட்வொர்க்ல சாதாரண அட்ரஸே பப்ளிக் கீதான், அத மறைச்சு வைக்க முடியாது, நெட்வொர்க் மாறுறப்ப கூடவே மாத்திக்கணும்.

ஸ்டெப் 7: வீட்டுல சொல்லி வைங்க

குவான்டத்தால அதிகம் நஷ்டப்படப் போறது யாருன்னா, சொந்தக்காரர் இல்லாம கிடக்கிற காசு. மாத்தச் சொல்றப்ப மாத்த ஆள் இருக்காது. நம்ம பக்கத்துப் பெரிய வீடுகள்ல பெட்டகச் சாவி கொத்தா ஆணியில தொங்கும், எந்தச் சாவிய எந்தப் பக்கம் எத்தனை சுத்து சுத்தணும்னு தெரிஞ்ச அப்பத்தா போயிட்டாங்கன்னா கொத்து இருக்கும் பெட்டகம் தொறக்காது, இதுவும் அதே கதைதான். 2025 அக்டோபர்ல சென்னை ஹைகோர்ட் கிரிப்டோவும் ஒரு சொத்துதான்னு சொல்லிருச்சு, ரொம்ப நல்லது, ஆனா 24 வார்த்தை இல்லைன்னா எந்தத் தீர்ப்பும் காச எடுத்துத் தராது.

அதனால ரெண்டு தகட்ட ரெண்டு வீட்டுல வைங்க, ஒண்ணு இங்க, ஒண்ணு சென்னையிலயோ மதுரையிலயோ இருக்கிற நம்பிக்கையான ஆள்ட்ட. தனியா ஒரு கடிதம் எழுதுங்க: என்ன காயின், எந்த வாலட், தகடு எங்க இருக்கு, யார்ட்ட உதவி கேக்கலாம், யார்ட்ட கேக்கவே கூடாது. வார்த்தைகள அந்தக் கடிதத்துல எழுதாதீங்க. கூடுதலா பாஸ்ஃப்ரேஸ்னு 25வது வார்த்தை வைக்கலாம், ஆனா அத மறந்தா எல்லாம் போச்சு, வீட்டுல விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது இருந்தா மட்டும் வைங்க. அப்பச்சிக்கு மட்டும் தெரியும்ங்கிற நெலம வேண்டவே வேண்டாம்.

ஸ்டெப் 8: குவான்டம் பேர சொல்லி வர்றவங்க

இதுதான் இன்னிக்கே நடக்கிற ஆபத்து. "உங்க வாலட்ட குவான்டம் சேஃப் ஆக்குறோம், 24 வார்த்தைய இந்தப் பக்கத்துல போடுங்க"னு மெயில், டெலிகிராம், யூட்யூப் விளம்பரம்னு எப்படி வந்தாலும் திருட்டுதான். எந்த மாற்றத்துக்கும் உங்க வார்த்தைய வெப்சைட்ல டைப் பண்ண வேண்டிய அவசியமே வராது. குவான்டம் ரெடின்னு விக்கிற டிவைஸ் வாங்கலாமான்னு கேக்குறாங்க. டிவைஸ் தன்னோட சாஃப்ட்வேர் அப்டேட்ட சரிபார்க்கிற முறைய வேணா புதுசா மாத்தியிருக்கலாம், நல்லதுதான், ஆனா பிட்காயின் நெட்வொர்க்கே மாறாத வரைக்கும் உங்க காசுக்குப் போடுற கையெழுத்து பழைய கையெழுத்துதான். அந்தப் பேருக்காக கூட விலை கொடுக்க வேண்டாம்.

நெட்வொர்க் ஏன் இன்னும் மாறலைன்னா, சைஸ். இப்ப பிட்காயின்ல ஒரு கையெழுத்து 64லிருந்து 72 பைட்டுக்குள்ள முடிஞ்சிரும். நிஸ்ட் ஏத்துக்கிட்ட எம்எல் டிஎஸ்ஏங்கிற குவான்டம் தாங்குற கையெழுத்து முறைல சின்னதே 2,420 பைட், எஸ்எல்எச் டிஎஸ்ஏல 7,856 பைட்ல இருந்துதான் ஆரம்பிக்குது. ஒவ்வொரு பிளாக்லயும் கொஞ்ச இடம்தான், ஃபீஸ் எகிறும், அதோட பழைய தெரிஞ்சு போன காச என்ன பண்றதுங்கிற சண்டை வேற. பிட்காயின குவான்டத்துக்குத் தயார் பண்ண பிப் 360 (BIP 360)னு ஒரு முன்மொழிவு பேச்சுல இருக்கு, அந்த நம்பர ஞாபகம் வச்சுக்கங்க, நியூஸ்ல அடிபட்டா கவனிங்க.

மாற்றம் வர்ற அன்னிக்கு

அவசரப்பட்டு மொத நாளே ஓடாதீங்க, கடைசி நாள் வரைக்கும் இழுக்கவும் செய்யாதீங்க. வாலட்ட தயாரிச்ச கம்பெனியோட சொந்த அறிவிப்பு வரட்டும், வேற யாரோ அனுப்புற லிங்க தொடாதீங்க. ஃபர்ம்வேர் (டிவைஸுக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்றதுக்கு முன்னாடி தகட்ட எடுத்து கையில வச்சுக்கங்க. வாலட் புது சீட் கேட்டுச்சுன்னா புதுத் தகடு அடிங்க, பஞ்ச் செட்ட தூக்கிப் போடாம வச்சிருங்க. மொதல்ல சின்னத் தொகை அனுப்பி, அது புது அட்ரஸ்ல கன்ஃபர்ம் ஆகி, அங்க இருந்து திரும்ப எடுக்கவும் முடியுதான்னு பாத்துட்டு அப்புறமா மிச்சத்த அனுப்புங்க. பழைய தகட்ட உடனே அழிக்காதீங்க, எப்பவோ யாருக்கோ கொடுத்த பழைய அட்ரஸுக்கு பின்னாடி யாராவது காசு அனுப்பலாம், அத எடுக்க அந்தத் தகடுதான் வேணும்.